சனிக்கிழமை சாயங்காலமே ஞாயிறு பிறக்கும் ஊர்

இப்படி வந்து உட்காருங்கண்ணே. அந்தக் கயித்து மேல வேண்டாம், ஈரமா இருக்கும். இந்தப் பீப்பா மேல உட்காருங்க. காத்துக்கு முதுகைக் காட்டிக்குங்க. இந்த ஊர்க் காத்து மூஞ்சியில அடிச்சா தாடை மரத்துப்போய் பேச்சு குழறும். நான் உட்காரலே. இன்னிக்கு என்னால உட்கார முடியலே, நின்னுகிட்டே சொல்றேன்.

மொதல்ல நீங்க ஏதாவது பேசுங்க. ஊர் பேராவது சொல்லுங்க. தேவனாம்பட்டணமா! பேரு? தாண்டவராயன். நல்லது தாண்டவண்ணே. தமிழ் காதுல விழுந்து ஒன்பது வருஷம் ஆச்சு. நான் மீன்கிட்டதான் தமிழ்ல பேசுவேன். மீன் பதில் சொல்லாது. இந்த ஊர்க்காரங்க மாதிரி பதிலுக்கு வேத வசனமும் சொல்லாது.

நான் எல்லப்பன். இவங்களுக்கு எல்லிஸ். சென்னப்பட்டணத்துல வெள்ளைக்காரன் கோட்டைக்கு அஸ்திவாரம் தோண்டின வருஷம் அங்க மசூலாப் படகு தள்ளிகிட்டிருந்தேன். அலையைத் தாண்டிக் கப்பலுக்குச் சாமானும் ஆளும் கொண்டுபோற படகு, உங்களுக்குத் தெரியாததா. ஒரு கப்பித்தான் என் தோளைத் தட்டிப் பார்த்துட்டு லண்டனுக்கு வர்றியான்னான். வரேன்னேன். வீட்டுல சொல்லிக்கக்கூட இல்லே.

சரி, விஷயத்துக்கு வரேன். மறைக்காம சொல்லிடறேன், அப்புறம் எல்லப்பன் ஏமாத்திட்டான்னு நீங்க சொல்லக்கூடாது. கடல் ஏறி முடிஞ்சு தண்ணி வடிய ஆரம்பிச்சதும் உங்க கப்பல் லண்டனுக்குக் கிளம்பிடும். மிஞ்சிப்போனா ரெண்டு நாழிகை. நீங்க இனிமே கப்பல்ல காலே வைக்க மாட்டேன்னு சொல்லிட்டீங்களாம். வர்ற வழியில தம்பி தவறிட்டாராமே. உங்க கப்பித்தான் சொன்னான். கேட்டு வருத்தமா இருந்துச்சுண்ணே.

உங்களுக்கு ரெண்டு வழி வெச்சிருக்காங்க. அதோ கறுப்புத் தொப்பி போட்டுகிட்டு, சீட்டைச் சுருட்டிக் கையில வெச்சுகிட்டு நிக்கறாரே, அவர் ஹப்பர்ட். மீன்காரர். என் எஜமான். அவர்கிட்ட நாலு வருஷம் வேலை செய்யறேன்னு முறி எழுதிக் கொடுத்துட்டு இங்கயே இருக்கலாம். எழுதத் தெரிய வேண்டாம், ஒரு கீறல் போட்டா போதும். இல்லேன்னா அந்தாண்ட ஒத்தைப் பாய்மரப் படகு நிக்குது பாருங்க, அது கரையோரமாவே தெற்கே வர்ஜீனியாவுக்குப் போகுது. அவன் சீட்டுல கீறல் போட்டா புகையிலைத் தோட்டம்.

இப்போ என் பக்கத்தைச் சொல்றேன். நீங்க ஹப்பர்ட் சீட்டுல கீறல் போட்டா, எனக்குப் பாக்கி இருக்கற ரெண்டு வருஷத்தை அவர் தள்ளிடறாரு. கப்பல்ல உங்க இடம் எனக்கு. லண்டன், அப்புறம் கம்பெனிக் கப்பல், அப்புறம் சென்னப்பட்டணம். நீங்க வர்ஜீனியான்னு சொல்லிட்டா எனக்கு ஒண்ணும் கிடையாது. நாளைக்கும் மீன்தான். அதான் நம்ம பாஷையிலயே எடுத்துச் சொல்லுன்னு என்னை அனுப்பினாங்க.

ஆனா நான் பொய் சொல்ல மாட்டேன். லண்டன்ல என்னை ஒருத்தன் ஏமாத்தினான். என்னைக் கூட்டிட்டுப் போன கப்பித்தான் ரெண்டு வருஷத்துல செத்துப்போனான், நான் ஆத்தங்கரையில குளிர்ல நடுங்கிகிட்டு நின்னேன். அந்த ஆள் வந்தான். உள்ள இறைச்சி வெச்சுச் சுட்ட ரொட்டி ஒண்ணு சூடா வாங்கிக் கொடுத்தான். வர்ஜீனியாவுல வெயில் உங்க ஊர் மாதிரியே அடிக்கும்னான். ஏழே வருஷம், அப்புறம் நீயும் நிலத்துக்காரன்னான். என்னைப் படகு ஏத்திவிட்டா அவனுக்குக் கூலின்னு எனக்கு அப்போ தெரியாது. அவன் சொன்னதுல வெயில் மட்டும்தான் நிஜம். நான் அந்த மாதிரி ஆள் இல்லே. எனக்கு என்ன லாபம்னு மொதல்லயே சொல்லிட்டேனா இல்லையா? சொல்லிட்டேன்.

வர்ஜீனியாவை மொதல்ல கேளுங்க. நாலு வருஷம் இருந்தேன். அங்க ஊர்னு ஒண்ணு கிடையாதுண்ணே. பெரிய ஆறு, நம்ம கொள்ளிடத்தை விடப் பெருசு. ஆத்தங்கரையில ஒரு வீடு. அதைச் சுத்திப் புகையிலை. அப்புறம் காடு. அரைக் காதம் தள்ளி இன்னொரு வீடு. அங்கயும் புகையிலை. கடைத்தெரு கிடையாது, கோயில் கிடையாது, கூட்டம் கிடையாது. கப்பல் நேரா ஒவ்வொரு துரை வீட்டு வாசலுக்கே வந்து பீப்பாயை ஏத்திகிட்டுப் போயிடும். அப்புறம் எதுக்கு ஊர்? எங்க துரை பேர் வில்காக்ஸ். பக்கத்து வீட்டுக்காரனை அவர் பார்க்கறது வருஷத்துக்கு நாலு தடவை. அதுவும் குதிரைப் பந்தயத்துல.

வேலையா? நாத்து விடணும். முழங்கால் உயரத்துக்கு மண்ணைக் குவிச்சுக் குவிச்சு ஒவ்வொரு குவியல்லயும் ஒரு நாத்து. அப்புறம் புழு. விரல் தண்டிக்குப் பச்சைப் புழு. ஒவ்வொரு இலையாத் திருப்பிப் பார்த்துக் கையால எடுத்து நசுக்கணும். வெயில் மண்டையைப் பிளக்கும். அந்தப் புழு ஞாயித்துக்கிழமையும் தின்னும், அதனால நாங்க ஞாயித்துக்கிழமையும் எடுப்போம். அங்கயும் ஞாயித்துக்கிழமை வேலை கூடாதுன்னுதான் சட்டம். கேக்க யார் இருக்கா? பாதிரியார் ஆத்துக்கு அந்தாண்ட. அவருக்கும் புகையிலை இருக்கு.

சாப்பாடு மக்காச்சோளக் கஞ்சி. காலையில அது, மத்தியானம் அது, ராத்திரி அது. பொம்பளைங்களைப் பார்க்கறதே அபூர்வம். குழந்தை அழற சத்தம் நாலு வருஷத்துல ரெண்டு தடவை கேட்டிருப்பேன். கிழவனே கிடையாது. நான் ரொம்ப நாள் இங்கிலீஷ்காரனுக்குத் தலை நரைக்காதுன்னே நெனச்சுகிட்டிருந்தேன். இங்க வந்த அன்னிக்கு ஒரு கிழவர் தடியை ஊனிகிட்டு போறாரு, நான் நின்னு வாயைப் பொளந்து பார்க்கறேன். அங்க நரைக்கற வரைக்கும் யாரும் இருக்கறதில்லே, அவ்வளவுதான் விஷயம்.

ஆமா, காய்ச்சல். புதுசா வர்றவனுக்கு மொதல் கோடையைத் தாண்டறதுதான் கஷ்டம். என்னோட பதினாலு பேர் வந்தாங்க. அறுவடைக்கு ஆறு பேர் இருந்தோம். எனக்கும் வந்துச்சு. எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. புகையிலை தொங்கவிடற கொட்டகை மேல ஒரு பரண். அதுல நானும் ரால்ஃப்னு ஒருத்தனும் படுத்துக் கிடந்தோம். அவன் ராவும் பகலும் முனகுவான். சத்தியமா சொல்றேன், அவன் கழுத்தை நெரிக்கலாமான்னு வந்துச்சு. அப்புறம் ஒரு நாள் காலையில சத்தம் நின்னுபோச்சு. அப்பாடான்னு நல்லாத் தூங்கினேன். மறுநாளும் சத்தம் இல்லே. மூணாம் நாள் தண்ணி கொடுன்னு அவன் தோளைத் தொட்டேன். கட்டை. ரெண்டு நாளா செத்தவன் பக்கத்துல படுத்திருக்கேன். யாரும் வந்து எட்டிப் பார்க்கலே. வயல்ல ரெண்டு ஆள் குறையுதுன்னு...

என்னண்ணே? முகம் ஏன் இப்படி வெளிறிப்போச்சு? கடல் தண்ணி குடிச்ச மாதிரி இருக்கீங்க. சரி சரி, விடுங்க. அந்தப் பேச்சை விட்டுட்டேன். போன கதை.

தண்ணி எங்க வந்திருக்கு பாருங்க. அந்த மூணாவது கம்பத்துல பாசி மறைஞ்சுதுன்னா முழுசா ஏறிட்டுதுன்னு அர்த்தம். இன்னும் மறையலே. சீக்கிரம் சொல்லி முடிக்கறேன்.

வில்காக்ஸும் காய்ச்சல்ல போனாரு. எங்களை ஆளுக்கு ஒருத்தனா வித்தாங்க. மிச்சமிருந்த என் வருஷங்களை வடக்கேயிருந்து சோளம் வாங்க வந்த படகுக்காரன் வாங்கிட்டு வந்து ஹப்பர்ட்கிட்ட கொடுத்துட்டான். ஏழுல நாலு போனா மூணு, இங்க ரெண்டு வருஷம் ஆச்சுன்னா பாக்கி ஒண்ணுதானே, ரெண்டுங்கறியேன்னு கேக்கறீங்களா? அட, நீங்க என்ன கணக்குப்பிள்ளையா. அதுக்கு வருவோம்.

இந்த ஊர் வேற மாதிரி. அதே இங்கிலீஷ்காரன், அதே ராஜா, அதே பாஷை, ஆனா வேற ஜாதி ஜனம்னே நெனச்சுக்குங்க. அங்க தனித்தனியா வந்தாங்க, இங்க குடும்பம் குடும்பமா வந்திருக்காங்க, பாட்டன் பூட்டன் முதக்கொண்டு. நிலம் சும்மா கல்லு. ஏர் வெச்சா கல்லு, தோண்டினா கல்லு, பனி உருகினா போன வருஷம் இல்லாத கல்லு மேல வந்து உட்கார்ந்திருக்கும். அதை எடுத்து எடுத்துச் சுவர் கட்டறாங்க. புகையிலைத் தோட்டம் இங்க எடுபடாது. அதனால கடல். காட்னு ஒரு மீன், உங்க கை நீளம் இருக்கும். ஒருத்தன் தலையை வெட்டுவான், ஒருத்தன் முதுகெலும்பை உருவுவான், ஒருத்தன் உப்புப் போடுவான். அப்புறம் கிளைகளைப் பரப்பிப் போட்ட மேடையில காயவெக்கணும். கருவாடுதான், வேறென்ன. நம்ம ஊர் மணல்ல ரெண்டு நாள்ல காய்ஞ்சுடும். இங்க சூரியனுக்குச் சோம்பல், மூணு வாரம் ஆகும். தினமும் திருப்பணும். சாயங்காலம் தோல் மேல வர்ற மாதிரி அடுக்கணும். மழை வந்தா மரப்பட்டையைப் போட்டு மூடணும். ஒரு மழை பட்டா மூணு வாரமும் போச்சு.

துரையெல்லாம் இங்க கிடையாது. ஹப்பர்டும் நானும் ஒரே மேஜையில எதிரெதிரே நின்னு மீன் அறுக்கறோம். ஒரே சட்டியிலேருந்து சாப்பாடு. அடிக்க மாட்டாரு, குடிக்க மாட்டாரு. அவருக்கு மூணு பொண்ணு, மகன் கிடையாது, அதான் ஆள் தேடறாரு. மத்த வீட்டுல எல்லாம் மகன்களே செய்யறாங்க. காய்ச்சலும் கிடையாது, தண்ணி கற்கண்டு மாதிரி. குளிர்னா குளிர், அதை நான் மறைக்க மாட்டேன். பேசின பேச்சு காத்துலயே உறைஞ்சுடும்.

ஆனா ஒண்ணுண்ணே. பாக்கறாங்க. சும்மா பாத்துகிட்டே இருக்காங்க. நடுவுல சபை வீடு, அதைச் சுத்தி ஒட்டி ஒட்டி வீடு. வீட்டைத் தள்ளிக் கட்டக்கூடாதுன்னே கட்டுப்பாடு இருக்காம். நீங்க தும்மினா நாலு வீட்டுல கேக்கும். ஞாயித்துக்கிழமை தம்பட்டம் அடிப்பாங்க, எல்லாரும் சபைக்குப் போகணும். காலையில மூணு மணி நேரம், மத்தியானம் மூணு மணி நேரம். தூங்கினா நுனியில குமிழ் வெச்ச கழியால ஒருத்தன் மண்டையில தட்டுவான். எனக்கு மட்டும் மண்டையில நிரந்தரமா ஒரு மேடு இருக்கு, தொட்டுப் பாருங்க.

எல்லாரையும் விட மோசம் எங்க எஜமானி. பேஷன்ஸ்னு பேரு. பொறுமைன்னு அர்த்தமாம், பேரு வெச்சவங்களைப் பார்த்தா நான் கேக்கணும். கையைக் கழுவினியா, காலுக்கு வைக்கோல் சுத்தினியா, ஏன் சாப்பிடலே, ஏன் ரெண்டாவது தடவை கேக்கலே. போன மாசி மாசம் எனக்கு மார்ச்சளி. ஞாயித்துக்கிழமை எழுந்திருக்க முடியலே, கொட்டகையில இழுத்துப் போர்த்திகிட்டுக் கிடந்தேன். இன்னிக்காவது நிம்மதின்னு. தம்பட்டம் ஓயலேண்ணே, அதுக்குள்ள கதவைத் தட்டறாங்க. கழிக்காரன் வந்தான். அவன் பின்னாலயே எதிர்வீட்டுக் கிழவி. அப்புறம் பேஷன்ஸ் அம்மா, மூணு பொண்ணுங்களோட. எல்லிஸ் இடம் காலியா இருக்கு, எல்லிஸ் எங்கேன்னு. ஒரு மனுஷன் நோயில கிடந்தாகூட எண்ணிப் பார்க்கற ஊர் எங்கயாவது உண்டா? அன்னிக்கு அந்தம்மா சபைக்கே போகலே. வெங்காயத்தை வேகவெச்சுக் கடைஞ்சு நெஞ்சுல பத்துப் போட்டு, ஒன்பது நாள் ஆட்டிவெச்சுது. திட்டிகிட்டே கஞ்சி ஊத்துச்சு. நிம்மதியா சாகக்கூட விடலே.

சிரிக்கறீங்களா? இல்லையா? பின்ன என்னண்ணே கேட்டீங்க? காத்து சத்தத்துல விழலே.

இங்க செத்தா எத்தனை நாள்ல தெரியும்னா?

இது என்ன கேள்வி. நாளா? இங்க அரை நாள் தாங்காது. காலையில உங்க புகைபோக்கியில புகை வரலேன்னா எதிர்வீட்டுக் கிழவி வாசல்ல நிப்பா. போன வருஷம் ஒரு கிழவர், ஒண்டிக்கட்டை, ராத்திரி போயிட்டாரு. விடிஞ்சு ரெண்டு நாழிகையில ஊர் பூரா வாசல்ல நின்னுச்சு. குளிப்பாட்டி, தலை சீவி, சட்டை மாத்தி... ஏண்ணே அப்படிக் கேக்கறீங்க?

ரெண்டு நாளா?

உங்க தம்பியா? கீழ் அறையிலயா? நீங்க மேல பாய் கட்டற வேலையில, புயல்ல... யாரும் போய்ப் பார்க்கலையா? எலி... வேண்டாம்ணே. சொல்ல வேண்டாம். போதும்.

மன்னிச்சுக்குங்கண்ணே. எனக்கு இது தெரியாது. கப்பித்தான் தவறிட்டார்னு மட்டும்தான் சொன்னான். தெரிஞ்சிருந்தா அந்த ரால்ஃப் கதையை இழுத்திருக்கவே மாட்டேன். என் வாய்க்கு ஒரு கடிவாளம் கிடையாது.

எழுந்துட்டீங்களா? எங்க? ஹப்பர்ட்கிட்டயா? நிஜமாவா? போட்டுடறீங்களா? நல்லதுண்ணே. நல்ல முடிவு. மகராசனா இருங்க. அதோ அவரும் சீட்டைப் பிரிக்கறாரு. தண்ணியும் பாசியை மறைச்சுட்டுது. போங்க. போங்கண்ணே.

இருங்க.

இருங்கண்ணே, ஒரு நிமிஷம். அவரைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்க. நம்ம பேச்சு அவருக்குப் புரியாது. சிரிச்ச மாதிரி வெச்சுக்குங்க முகத்தை. இதைச் சொல்லாம விட்டா நான் அந்த லண்டன்காரன்தான், வேற யாரு.

ஒரு வருஷம் எங்கேயிருந்து வந்துச்சுன்னு கேட்டீங்களே. போன புரட்டாசி. சனிக்கிழமை. மேடை முழுக்க மீன், மூணு வாரமாக் காயவெச்சது, கடைசி நாள். சூரியன் அந்த மேட்டுக்குப் பின்னால இறங்கிடுச்சு, வெளிச்சம் இன்னும் இருக்கு. கடல் பக்கம் மானம் கறுத்துகிட்டு வருது. நான் ஓடினேன். மீனை வாரி வாரி அடுக்கி, மரப்பட்டையை இழுத்துப் போட்டு, கல்லைத் தூக்கி வெச்சு, தனி ஆளா முடிச்சேன். முடிக்கவும் மழை பிடிக்கவும் சரியா இருந்துச்சு. ஒரு மீன் நனையலே. மார் தட்டிகிட்டு நின்னேன். சுத்திலும் எல்லா வீட்டு ஜன்னல்லயும் முகம். ஒருத்தர் பேசலே. என் சாமர்த்தியத்தைப் பார்க்கறாங்கன்னு நெனச்சேன்.

திங்கட்கிழமை காவல்காரன் வந்து பிடிச்சுகிட்டுப் போனான். சபை வீட்டுலயே விசாரணை. ஓய்வுநாள்ல வேலை செஞ்சியான்னு நீதிபதி கேட்டாரு. இல்லீங்க, அது சனிக்கிழமைன்னேன். பொழுது சாய்ஞ்சுதான்னாரு. சாய்ஞ்சுதுன்னேன். அப்போ ஞாயிறு பிறந்துடுச்சுன்னாரு. எனக்கு ஒண்ணும் விளங்கலே. நாம உதயத்துலேருந்து நாழிகை எண்ணறவங்க. விடிஞ்சாத்தானே மறுநாள்? வர்ஜீனியாவுலகூட இங்கிலீஷ்காரனுக்கு விடிஞ்சாத்தான் ஞாயிறு. ஒரே ராஜாவோட ஜனம், அங்க ஞாயிறு காலையில வருது, இங்க முந்தின சாயங்காலமே வருது, இதை எவன் கண்டான்? நான் சொன்னேன், ஐயா, சாயங்காலம் நாள் முடியற நேரம், அதுல எப்படி நாள் ஆரம்பிக்கும்னு. பாதிரியார் புஸ்தகத்தைத் திறந்து, சாயங்காலமும் விடியற்காலமும் ஆகி முதலாம் நாள் ஆச்சுன்னு வாசிச்சாரு. சாயங்காலம்தான் முதல்ல வருதாம். பத்து கசையடி. அதோட ஒரு வருஷம் கூட. யாருக்கு? ஹப்பர்டுக்குத்தான்.

அது என் தப்புன்னே வெச்சுக்குவோம். இதுக்கு அப்புறம்தான் நான் சொல்ல வந்தது. நான் ஓடறதுக்கு முன்னாடி ஹப்பர்ட் வாசல்ல நின்னுகிட்டிருந்தாரு. மேகத்தைப் பார்த்தாரு. மீனைப் பார்த்தாரு. என்னைப் பார்த்தாரு. நான் மரப்பட்டையை எடுக்கறேன், பார்த்துகிட்டே நிக்கறாரு. வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லலே. உள்ள போய்க் கதவைச் சாத்திகிட்டாரு. விசாரணையில, நான் உள்ள ஜெபத்துல இருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டாரு. மீனும் தப்பிச்சுது, ஆளும் ஒரு வருஷம் கூடக் கிடைச்சான். அதே அவர்தான் அடிக்க மாட்டாரு, குடிக்க மாட்டாரு, ஒரே சட்டியில சாப்பிடுவாரு. எல்லாம் நிஜம். இதுவும் நிஜம்.

அதனால சனிக்கிழமை சூரியன் அந்த மேட்டுல இறங்கிடுச்சுன்னா கையில இருக்கறதைக் கீழே போட்டுடுங்க. மீன் மிதந்து போனாலும் போகட்டும். அவர் வாசல்ல நின்னு பார்த்தா, நீங்க முதுகைத் திருப்பிகிட்டு உள்ள போயிடுங்க. அவ்வளவுதான். சொல்லிட்டேன். இப்போ வேணும்னா கப்பலுக்குத் திரும்பிப் போங்க. அந்த இடம் உங்களோடது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கோவம் வரும், ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

என்ன? அந்தம்மாவா? பேஷன்ஸ் அம்மாவும் ஜன்னல்ல பார்த்துகிட்டுத்தான் இருந்துச்சு. ஆமா, புருஷன் உள்ள வந்து கதவைச் சாத்தினதையும் பார்த்திருக்கும். ஆனா சபையில பொம்பளைங்க பேசக்கூடாதே. அதுக்கு என்மேல ஒரே கோவம். அடி வாங்கிகிட்டு வந்து குப்புறக் கிடந்தேன், வாத்துக் கொழுப்பைக் காய்ச்சி முதுகுல தடவுச்சு, ஒரு வார்த்தை பேசலே. ஒன்பது நாள் அந்த வீட்டுல யார்கிட்டயும் பேசலே, ஹப்பர்ட்கிட்டகூடப் பேசலே. அவர் தட்டைத் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டாரு. வீட்டுக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துட்டேன்னு அவ்வளவு வீம்பு.

என்மேல கோவம்னு யார் சொன்னாங்கன்னா? யாரும் சொல்லலே. பின்ன யார்மேல?

நீங்க புதுசா ஒண்ணைக் கிளப்பாதீங்கண்ணே. நேரமில்லே.

போடறீங்களா? இவ்வளவு சொன்னதுக்கு அப்புறமுமா? நல்லா யோசிச்சீங்களா? கதவைச் சாத்தற எஜமான் எல்லா இடத்துலயும் இருப்பான், காலையில எண்ணிப் பார்க்கற ஆள் இங்கதான் இருக்குங்கறீங்க. அது உங்க இஷ்டம். எனக்கு அப்படித் தோணினதே இல்லே. சரி, வாங்க. சீட்டை ரெண்டாப் பல் பல்லா வெட்டுவாங்க, ஒரு பாதி உங்களுக்கு, ஒரு பாதி அவருக்கு. உங்க பாதியைத் தொலைச்சுடாதீங்க. நாலுன்னுதான் எழுதியிருக்கான்னு நான் பார்க்கறேன். இலக்கம் எனக்குத் தெரியும். நாலுதான். ம். போடுங்க.

போட்டாச்சு.

என் சீட்டு கொடுத்துட்டாரு. கையைக்கூடக் குலுக்கினாரு. கப்பித்தான் கூப்பிடறான். மூட்டை ஒண்ணும் கிடையாது, போட்டிருக்கறதுதான். படகைப் பிடிங்கண்ணே கொஞ்சம், ஏறிக்கறேன். தள்ளிவிட வேண்டாம், இருங்க, இன்னும் விடாதீங்க.

அண்ணே, ஒரு உதவி. பேஷன்ஸ் அம்மாகிட்ட நான் சொல்லிக்கலே. ஹப்பர்டும் சொல்லியிருக்க மாட்டாரு, அவருக்கு அந்த தைரியம் கிடையாது. காலையில வலை அலசப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். மத்தியானக் கஞ்சிக்குத் தட்டு வெச்சிருக்கும். நான் வரலேன்னா மொதல்ல கொட்டகையில பார்க்கும். அப்புறம் மேடைகிட்ட. அப்புறம் எதிர்வீட்டுக் கிழவிகிட்ட சொல்லும். அந்தக் கிழவி ஊர் பூரா சொல்லும். கடல்ல விழுந்துட்டானோன்னு படகு இறக்குவாங்க, இருட்டற வரைக்கும் கரையோரமா கழியை விட்டுக் குத்திப் பார்ப்பாங்க. இவங்களை உங்களுக்குத் தெரியாது. விடவே மாட்டாங்க.

அதனால நேரா வீட்டுக்குப் போங்க. மீன் கிடக்கட்டும். சபை வீட்டைத் தாண்டி ரெண்டாவது வாசல். எல்லிஸ் சாகலே, கப்பல் ஏறிட்டான், ஊருக்குப் போறான்னு சொல்லுங்க. அவ்வளவு இங்கிலீஷ் வராதா? என் பேரைச் சொல்லிட்டுக் கையால கப்பலைக் காட்டுங்க, புரிஞ்சுக்கும். திட்டும். திட்டட்டும், நின்னு கேட்டுக்குங்க. சூரியன் உச்சிக்கு வந்தாச்சு பாருங்க, தட்டு வெச்சிருக்கும். ஓடுங்கண்ணே. அது தேட ஆரம்பிக்கறதுக்குள்ள போயிடுங்க.